இருப்பது வேறு, கிடைப்பது வேறு: நீரிலும் மலையிலும் ஆக்சிஜன்

(விலங்கியல் துறை அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உயிரோடு விற்கும் கெண்டையை மீன்காரர் எடுத்துத் தரையில் போட்டால் சற்று நேரம் துள்ளும். செவுள்மூடி படபடவென்று அடித்துக்கொள்ளும். பிறகு அடங்கிவிடும். மூச்சுத் திணறித்தான் அது சாகிறது. ஆனால் குளத்தில் வாழ்ந்த நாளெல்லாம் அது கண்ட ஆக்சிஜனைப்போல 30 மடங்குக்கும் மேல் அந்த நேரத்தில் அதைச் சுற்றி இருக்கிறது. இன்னொருவரைப் பாருங்கள். சென்னையிலிருந்து கிளம்பி டெல்லி வழியாக லே நகரில் விமானம் விட்டு இறங்குகிறார். மெரினாவில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு 20.9 சதவீதம். 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயிலும் அதே 20.9 சதவீதம்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி மாடி ஏறினால், பாதிப் படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்.

லடாக்கில் வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டால், இங்கே மரம் இல்லை, அதனால்தான் ஆக்சிஜன் குறைவு என்பார்கள். சுற்றுலா போய் வந்த நம்மவர்களும் அதையே ஊரில் வந்து சொல்கிறார்கள். காடு அடர்ந்த மலையாக இருந்தாலும் 3,500 மீட்டரில் நிலைமை இதுதான். காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை. உலகம் முழுவதையும் சுற்றிக் கலந்துவிடுகிறது. கயிலாய யாத்திரைக்கும் அமர்நாத்துக்கும் போகிறவர்கள் கற்பூரக் கட்டியைத் துணியில் முடிந்து மோந்து பார்த்துக்கொண்டே போவார்கள். மூக்கு திறந்தாற்போல ஓர் உணர்வு வரும். ஒரு மூலக்கூறு ஆக்சிஜன்கூட அதனால் கூடுவதில்லை. நம்பிக்கையைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. தலைவலி வந்தவர் கற்பூரத்தை நம்பி மேலே ஏறிக்கொண்டே போனால் உயிருக்கு ஆபத்து என்பதற்காகச் சொல்கிறேன்.

எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று மட்டும் கேட்டால் தரையில் துள்ளும் மீனும் புரியாது, படியில் நிற்கும் மனிதரும் புரியமாட்டார். எந்த அழுத்தத்தில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த உடலுக்கு எவ்வளவு தேவை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மலையில் பங்கு குறையவில்லை, அழுத்தம் குறைகிறது. நீரில் அழுத்தம் குறைய வேண்டியதில்லை, அளவு குறைகிறது. நம் பாடநூல்கள் இரண்டையும் 'ஆக்சிஜன் குறைபாடு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதில் ஆக்சிஜனின் பங்கு சுமார் 159. மூக்குக்குள் நுழைந்ததும் காற்று ஈரமாகிறது. 37 டிகிரி உடல் வெப்பத்தில் நீராவி மட்டும் 47 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். மீதியில் ஆக்சிஜனுக்குக் கிடைப்பது 149. எவரெஸ்ட் உச்சியில் 1981 அக்டோபரில் கிறிஸ் பிட்சோ என்ற அமெரிக்க மருத்துவர் கையோடு கொண்டுபோன அழுத்தமானியை எடுத்துப் பார்த்தார். 253 மில்லிமீட்டர் காட்டியது. அங்கேயும் நீராவி தன் 47 மில்லிமீட்டரைக் குறைத்துக்கொள்ளாது, ஏனென்றால் அது உடல் வெப்பத்தைப் பொறுத்தது. மிச்சம் 206, அதில் 20.9 சதவீதம் என்றால் 43. கடற்கரையில் 149, உச்சியில் 43. மலையேறிகளின் துயரம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

அந்த 253க்கு ஒரு சிறப்பு உண்டு. உயரத்துக்கேற்ப அழுத்தத்தைத் தரும் பொது அட்டவணையைப் பார்த்தால் அவ்வளவு உயரத்துக்கு 236 அளவில்தான் இருக்க வேண்டும். எவரெஸ்ட் 28 பாகை வட அட்சத்தில், வெப்ப மண்டலத்தை ஒட்டி இருக்கிறது. பூமத்திய ரேகைப் பக்கம் காற்று மண்டலம் தடித்து இருப்பதால் அதே உயரத்தில் அழுத்தம் சற்றுக் கூடுதல். அலாஸ்காவில் 63 பாகையில் நிற்கும் தெனாலி மலையின் இடத்தில் எவரெஸ்ட் நின்றிருந்தால், ஆக்சிஜன் உருளை இல்லாமல் அதன் உச்சியைத் தொடுவது மனிதரால் ஆகாத காரியமாகவே இருந்திருக்கக்கூடும். ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும் பீட்டர் ஹாபெலரும் 1978 மே 8 அன்று உருளை இல்லாமல் ஏறிக் காட்டியதில் அவர்களுடைய நெஞ்சுரத்தோடு அட்சரேகைக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர் பிரான்சின் போல் பெர். கண்ணாடிக் கூண்டுக்குள் சிட்டுக்குருவிகளை வைத்து, ஒருமுறை அழுத்தத்தைக் குறைத்தார். ஒருமுறை அழுத்தத்தை விட்டுவிட்டு ஆக்சிஜனின் பங்கை மட்டும் குறைத்தார். இரண்டையும் பெருக்கி வரும் எண் ஒரே எல்லைக்கு வரும்போது குருவிகள் சாய்ந்தன. பங்கும் அழுத்தமும் தனித்தனியே ஒன்றும் செய்வதில்லை, பெருக்கல்தான் செய்கிறது. 1878இல் அவர் இதைப் பெருநூலாக வெளியிட்டார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே விலை கொடுத்தாகிவிட்டது. 1875 ஏப்ரல் 15 அன்று பாரிஸிலிருந்து 'செனித்' என்ற பலூனில் கஸ்தோன் திசாந்தியே, குரோசே ஸ்பினெல்லி, சிவெல் மூவரும் கிளம்பினார்கள். பெர் சொன்னபடி ஆக்சிஜன் கலந்த காற்றைப் பைகளில் கொண்டுபோனார்கள். அளவு போதாது என்று அவர் எழுதிய கடிதம் காலத்தில் போய்ச் சேரவில்லை. அளவு போதாததால் மிகவும் தேவைப்படும்போது குடித்துக்கொள்ளலாம் என்று மிச்சம் பிடித்தார்கள். ஆபத்து வலியோடு வந்திருந்தால் பரவாயில்லை. ஒருவித இன்ப மயக்கமாக வந்தது. குழாயை எடுத்து வாயில் வைக்கத் திசாந்தியே நினைத்தார், கை எழும்பவில்லை. பலூன் 8,500 மீட்டருக்கு மேல் போய்த் தானாக இறங்கியபோது மற்ற இருவரும் இறந்து கிடந்தார்கள். திசாந்தியே பிழைத்தார், காது கேளாமல் போயிற்று.

மாணவர்கள் இந்த இடத்தில் கேட்பார்கள்: பலூனில் 8,500இல் செத்தார்கள், எவரெஸ்டில் 8,848இல் நடக்கிறார்களே, எப்படி? பலூன் சில மணி நேரத்தில் ஏறிற்று. மலையேறி வாரக்கணக்கில் ஏறுகிறார். அந்த வாரங்களில் உடல் என்னென்னவோ செய்துகொள்கிறது. முதலும் முக்கியமுமானது, மூச்சை ஆழமாகவும் வேகமாகவும் விடுவது. நுரையீரலின் காற்றறைகளில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கடல் மட்டத்தில் கரியமிலத்தின் பங்கு 40 மில்லிமீட்டர். பிட்சோ உச்சியில் சேகரித்த மூச்சுக்காற்றில் அது 7.5க்கு இறங்கியிருந்தது. அவ்வளவு மூச்சு வாங்கிக் கரியமிலத்தை வெளியே தள்ளி, அந்த இடத்தை ஆக்சிஜனுக்கு விட்டிருக்கிறார். இப்படி ஊதித் தள்ளினால் இரத்தம் காரமாகிவிடும். சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றிச் சரிசெய்ய நாட்கள் ஆகும். மலை ஏறுகிறவர்களுக்கு டாக்டர்கள் கொடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை இந்த வேலையைத்தான் துரிதப்படுத்துகிறது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்குமிடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்று அவர்கள் சொல்வதும் இந்தக் கால அவகாசத்துக்காகத்தான்.

2007 மே மாதம் பிரிட்டிஷ் மருத்துவர் குழு ஒன்று எவரெஸ்ட் ஏறியது. உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கும் வழியில், 8,400 மீட்டரில், உருளையைக் கழற்றி வைத்துவிட்டு, குளிருக்காக அடுக்கடுக்காக அணிந்திருந்த உடைகளை விலக்கி, தொடைத் தமனியில் ஊசி போட்டு ஒருவருக்கொருவர் இரத்தம் எடுத்துக்கொண்டார்கள். ஷெர்பா ஒருவர் அந்த ஊசிக்குழல்களை 6,400 மீட்டரில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். நால்வரின் இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் சராசரி 24.6 மில்லிமீட்டர். கடல் மட்டத்தில் நமக்குச் சுமார் 100. அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு இந்த எண் வந்தால் கருவி பழுது என்று நினைப்பார்கள், அல்லது ஓடுவார்கள். அந்த நால்வரும் பேசிக்கொண்டு கீழே நடந்தார்கள். அந்த ஷெர்பாவைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் அதிகம் பேசுவதில்லை. எண் கெடாமல் வந்து சேர்ந்தது அவர் கால்களால்.

ஊட்டிக்குப் போனால் நமக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? 2,240 மீட்டரில் அழுத்தம் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் குறைகிறது என்பது பாதி விடை. மீதி விடை ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஆக்சிஜன் அழுத்தம் 100இலிருந்து 60க்கு இறங்கினாலும் ஹீமோகுளோபின் 90 சதவீதம் நிரம்பியே நிற்கும். 60க்குக் கீழே போனால்தான் சரசரவென்று சரியும். ஊட்டி அந்தச் சமதளத்தில் இருக்கிறது. லே சரிவு தொடங்கும் விளிம்பில் இருக்கிறது. 2020, 2021இல் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்சிமீட்டர் காட்டுவது இந்த நிரம்பும் விகிதத்தைத்தான். 94 வந்ததும் அலறினோம். லேயில் நேற்று இறங்கிய நல்ல திடகாத்திரமான ஆளின் விரலில் 90ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ காட்டும். கேபின் அழுத்தத்தைச் சுமார் 2,400 மீட்டர் வரை தளரவிடும் விமானத்தில் பயணம் செய்யும் எல்லாரும் சில மணி நேரம் ஊட்டிவாசிகளே, யாரும் கவனிப்பதில்லை.

இனி நீருக்கு வருகிறேன். மலையைவிட இது விசித்திரமானது என்பது என் கட்சி.

ஒரு கிராம் ஆக்சிஜன் வேண்டுமானால் 4 லிட்டர் காற்று போதும். அதன் எடை 5 கிராம்கூட இல்லை. அதே ஒரு கிராமை 30 டிகிரி வெப்பமுள்ள குளத்து நீரிலிருந்து எடுக்க 130 லிட்டர் நீரைச் செவுள் வழியாகத் தள்ள வேண்டும். எடை 130 கிலோ. போதாக்குறைக்கு, நீரில் ஆக்சிஜன் மூலக்கூறு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவு. அசையாத நீரில் மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஆக்சிஜன் தானாகப் பரவிப் போய்ச் சேர ஆண்டுகள் பிடிக்கும். குளம் உயிரோடு இருப்பதற்குக் காரணம் காற்று அலைப்பதும், வெயிலில் பாசி ஆக்சிஜன் விடுவதும், இரவில் மேல்நீர் குளிர்ந்து கீழே இறங்குவதும்தான்.

இவ்வளவு கஞ்சமான ஊடகத்தில் வாழ மீன் ஓர் அருமையான ஏற்பாட்டை வைத்திருக்கிறது. செவுள் இழைகளில் நீர் ஒரு திசையில் போகிறது, இரத்தம் எதிர்த்திசையில் வருகிறது. முடிகிற இடம்வரை நீரில் இரத்தத்தைவிட அழுத்தம் கூடுதலாகவே இருப்பதால், கரைந்த ஆக்சிஜனில் 80 சதவீதம்வரைகூட உறிஞ்ச முடிகிறது. நாம் இழுக்கும் மூச்சில் உள்ள ஆக்சிஜனில் கால்வாசியைத்தான் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடுகிறோம். அந்தச் செவுள் இழைகளை விரித்துத் தாங்கிப் பிடிப்பது நீரின் மிதப்பு விசை. தரையில் போட்டதும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பரப்பு சுருங்கிவிடுகிறது. கெண்டை சாவது இதனால்தான்.

நீர் எவ்வளவு ஆக்சிஜன் பிடிக்கும்? வில்லியம் ஹென்றி 1803இல் சொன்னதுதான் இன்றும் விதி: மேலே உள்ள வாயுவின் அழுத்தத்துக்கு ஏற்பக் கரையும். அதோடு வெப்பம் ஏற ஏறக் கரைவது குறையும். கடல் மட்டத்தில், 0 டிகிரி நன்னீர் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் பிடிக்கும். 20 டிகிரியில் 9.1; 30 டிகிரியில் 7.6. உப்பிருந்தால் இன்னும் குறையும். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே பிடிக்கிறது.

இப்போது நீலகிரிக்குப் போவோம். அவலாஞ்சியில் எச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் டிரௌட் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அந்த மீன்கள் மலை ஓடைகளில் நிலைத்துவிட்டன. 2,200 மீட்டரில் 15 டிகிரி ஓடை நீரை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் அது 10.1 மில்லிகிராம் பிடித்திருக்கும். அங்கே அழுத்தம் முக்கால் பங்கு சொச்சம். எனவே பிடிப்பது சுமார் 7.7. சென்னைப் பக்கத்துக் குளம் 30 டிகிரியில் பிடிப்பது 7.6. இரண்டும் ஒன்றுதான்! மலை ஓடை என்றால் ஆக்சிஜன் நிறைந்து வழியும் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டதில்லை. குளிர் கொடுத்ததை உயரம் பிடுங்கிக்கொள்கிறது.

அப்படியானால் டிரௌட்டைக் கொண்டுவந்து செங்கல்பட்டு ஏரியில் விட்டால் பிழைக்குமா? பிழைக்காது. அளவு ஒன்றுதான், தேவை ஒன்றல்ல. வெப்பம் 10 டிகிரி ஏறினால் மீனின் உடல் எரிக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 15 டிகிரி வித்தியாசத்தில் இரண்டரை, மூன்று மடங்கு கேட்கும். நீர் ஒரு துளிகூடக் கூட்டித் தராது. இதன் மறு எல்லை தென்முனைக் கடலில் இருக்கிறது. உறைநிலையை ஒட்டிய நீரில் வாழும் வெள்ளை இரத்தப் பனிமீன்களுக்கு ஹீமோகுளோபினே கிடையாது என்று நார்வேயின் யோஹான் ரூட் 1954இல் உறுதி செய்தார். நீரில் ஆக்சிஜன் ஏராளம், உடலின் தேவை சொற்பம், கரைந்ததே போதும். நம் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இல்லாவிட்டால் 100 மில்லிலிட்டரில் 0.3 மில்லிலிட்டர் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். இருப்பதால் 20 மில்லிலிட்டர். இரத்தமும் நீர்தானே. மலையில் மூச்சு வாங்குகிறவருக்கும் கடைசித் தடை நுரையீரல் சவ்வின் மேல் உள்ள ஈரப்படலம். ஆக்சிஜன் அதில் கரைந்துதான் உள்ளே போக வேண்டும். கரையத் தள்ளுவது அழுத்தம், அள்ளிச் சுமப்பது ஹீமோகுளோபின். மலைக் கணக்கும் குளத்துக் கணக்கும் சந்திக்கிற இடம் அதுதான்.

குளத்தில் மீன் வளர்க்கிறவர்களுக்கு இதில் பெரும்பகுதி ஏட்டுக்கல்வி இல்லாமலே தெரியும். விடியலுக்கு முன் கரையில் போய் நிற்பார்கள். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடினால், உடனே மோட்டாரைப் போட்டு நீரை மேலே பீய்ச்சி அடிப்பார்கள். அன்றைக்குத் தீனி கிடையாது. இறால் பண்ணைகளில் ஏரேட்டர் சக்கரங்கள் இரவில்தான் நிற்கக் கூடாது. பகலில் பாசி ஆக்சிஜன் விடுகிறது. பச்சை பிடித்த குளத்தில் பிற்பகல் 3 மணிக்கு 12 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது அரிதல்ல. பொழுது சாய்ந்ததும் உற்பத்தி நின்றுவிடும். பாசியும் மீனும் அடிச்சேற்றின் பாக்டீரியாவும் சேர்ந்து இரவெல்லாம் உறிஞ்சும். காலை 5 மணிக்கு 2 மில்லிகிராம் இருந்தால் ஆச்சரியமில்லை. இரண்டு நாள் மூடாப்பாக இருந்து ஒரு கோடைமழையும் கொட்டினால் மேல்நீர் குளிர்ந்து கீழே புரண்டு, ஆக்சிஜன் இல்லாத அடிநீர் மேலே வரும். மறுநாள் காலை குளமெங்கும் வெள்ளை வயிறு. யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று போலீஸில் புகார் போகும், பத்திரிகையும் அப்படியே போடும். விஷம் கலக்கிற ஆட்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் சிறு மீன்கள் பிழைத்து, பெரியவை முதலில் செத்து, விரால் மட்டும் ஒன்றும் ஆகாமல் திரிந்தால், விஷத்தைத் தேடுவதற்கு முன் நீரின் ஆக்சிஜனை அளக்கப் பாட்டிலை எடுங்கள்.

விரால் ஏன் தப்பிக்கிறது? அது காற்றைச் சுவாசிக்கும். தேளியும் அப்படித்தான். இந்தக் கூட்டத்தில் புகழ்பெற்றது பனையேறிக் கெண்டை. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனிப் படையிலிருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி 1791இல் ஒரு குளத்தருகே நின்ற பனையின் பட்டைப் பிளவில், நீருக்கு 5 அடி மேலே இந்த மீனைக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் அது அச்சானது. உண்மையில் ஏறியதா, பறவை தூக்கிப் போனதா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. காக்கையின் கைங்கரியம் என்பதே என் ஊகம். ஆனால் மழையில் அது குளம் விட்டுக் குளம் தரையில் ஊர்ந்து போவதை நம் விவசாயிகள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக இரத்தக்குழாய் நிறைந்த ஒரு தனி உறுப்பு இருக்கிறது. அதில்தான் காற்றை வாங்குகிறது. மேலே வரவிடாமல் வலைபோட்டு நீருக்குள் அமுக்கி வைத்தால், மீனாகிய அது மூழ்கிச் சாகும்.

கடலைப் பற்றிச் சுருக்கமாக. அரபிக்கடலில் சுமார் 150 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் வரை ஆக்சிஜன் ஏறக்குறைய அற்றுப்போன ஓர் அடுக்கு இருக்கிறது. உலகின் மிகப் பெரிய அடுக்குகளில் ஒன்று. அதற்குக் கீழே, 3,000 மீட்டரில், ஆக்சிஜன் மறுபடி கூடுகிறது. கேட்டவுடன் நம்ப முடியாது. தென்முனைப் பக்கம் உறைகுளிரில் ஆக்சிஜனை அள்ளிக்கொண்டு மூழ்கிய நீர்தான் அடியில் மெல்ல வடக்கே வருகிறது. நடு அடுக்குக்கு மேலிருந்து விழும் செத்த பாசி மட்டும் கிடைக்கிறது, காற்று கிடைப்பதில்லை. வடக்கே ஆசியக் கண்டம் வாசலை அடைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் இந்த நீர் மேற்குக் கரையோரத் திட்டின்மேல் ஏறி வருகிறது. எஸ்.டபிள்யூ.ஏ. நக்வியும் சகாக்களும் 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் அங்கே நைட்ரஸ் ஆக்சைடு பெருகுவதைக் காட்டினார்கள். வங்காள விரிகுடாவிலும் இந்த அடுக்கு உண்டு. அது முழுதும் அற்றுப்போகாமல் மயிரிழையில் நிற்கிறது. உலகக் கடல்கள் 1960க்குப் பின் அரை நூற்றாண்டில் தம் ஆக்சிஜனில் சுமார் 2 சதவீதத்தை இழந்திருக்கின்றன. வெந்நீர் குறைவாகப் பிடிக்கும், வெந்நீர் மேலேயே மிதந்து கலக்காமல் நிற்கும். இரண்டும் சேர்ந்த விளைவு.

தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழ்கிறவர்களிடம் இரண்டு வழிகளைப் பார்க்கிறோம். ஆண்டிஸ் மலை மக்களின் இரத்தத்தில் சிவப்பணு கூடியிருக்கிறது. பெருவின் கார்லோஸ் மோங்கே 1920களில் விவரித்த நோய் இதன் மறுபக்கம்: அளவு மீறினால் இரத்தம் கெட்டியாகி ஓட மறுக்கிறது. திபெத்தியர் அந்த உயரத்திலும் சமவெளிக்காரர்களை ஒட்டிய ஹீமோகுளோபினோடு இருக்கிறார்கள். அதற்குக் காரணமான ஈபாஸ்1 மரபணு வேறுபாடு 2010இல் தெரியவந்தது. அது டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திலிருந்து வந்தது என்று 2014இல் கண்டார்கள். என்னைக் கேட்டால் திபெத்தியர் வழிதான் கெட்டிக்கார வழி.

அதே திபெத்தையும் மங்கோலியாவையும் விட்டுக் கிளம்பும் பட்டைத்தலை வாத்து நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வருகிறது. வழியில் இமயம். கருவி பொருத்திக் கண்காணித்ததில் ஒரு பறவை 7,290 மீட்டரில் பறந்திருக்கிறது. அதன் ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிடக் குறைந்த அழுத்தத்திலும் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும். சங்கிலியில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதே இதன் மையம் என்று மேக்ஸ் பெரூட்ஸ் 1983இல் விளக்கினார். பெரும்பாலும் அவை இரவிலும் அதிகாலையிலும் கணவாய் வழியாகக் கடக்கின்றன. குளிர்ந்த காற்று அடர்ந்த காற்று. சிறகுக்குப் பிடிமானமும் கூடும், மூச்சுக்கும் கொஞ்சம் கூடும்.

இரண்டு பஞ்சமும் ஒன்றாய்ச் சேர்ந்த இடம் ஒன்று உண்டு. பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே 3,800 மீட்டரில் தித்திகாக்கா ஏரி. நீர் என்பதால் அளவு குறைவு. உயரம் என்பதால் அழுத்தமும் குறைவு. அதன் அடியில் ஒரு பெரிய தவளை வாழ்கிறது. நுரையீரல் மிகச் சிறியது. தோல் தொளதொளவென்று மடிந்து தொங்கும், பார்த்தால் ஆளுக்குப் பொருந்தாத சட்டை. அந்த மடிப்பெல்லாம் மூச்சுப் பரப்பு. இரத்த அணுக்கள் மிகச் சிறியவை, எண்ணிக்கை மிக அதிகம். ஆக்சிஜன் குறைந்தால் கால்களை ஊன்றி மேலும் கீழும் உடலை அசைத்து மடிப்புகளுக்குள் புதுநீரைச் செலுத்துகிறது. 2016இல் பெருவின் கோட்டா ஆற்றில் இந்தத் தவளைகள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. ஆற்றில் கலக்கும் ஊர்ச் சாக்கடையைத்தான் அங்குள்ளவர்கள் குற்றம் சாட்டினார்கள்.

கடைசியாக இந்தத் துறை மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வகத்தில் லாயோஷ் விங்க்ளர் 1888இல் தந்த முறைக்கான புட்டிகள் இருக்கும்; மீட்டர் வந்த பிறகு அலமாரியில் தூங்குகின்றன. எடுங்கள். குமிழி புகாமல் 300 மில்லிலிட்டர் புட்டியை நிரப்புங்கள். பிப்பெட் நுனியை நீருக்குள் விட்டு மாங்கனீஸ் சல்பேட், பிறகு கார அயோடைடு. மூடிக் குலுக்குங்கள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்புப் படிவு மேகம்போல் இறங்கும், இல்லையென்றால் பால்வெள்ளை. சாக்கடை கலந்து தேங்கிய நீரில் அந்த வெள்ளையை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள். அமிலம் விட்டால் தேன்நிறம். தயோசல்பேட்டை வெளிர்மஞ்சள் வரும்வரை சொட்டி, ஸ்டார்ச் விட்டு, நீலம் மறையும் சொட்டோடு நிறுத்துங்கள். சற்றுப் பொறுத்து நீலம் திரும்பி வரும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பக்கத்துக் குளத்தில் இதை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஓர் இரவும் பகலும் செய்யுங்கள். விடியற்காலை முறைக்கு ஆள் வராது என்பது எனக்குத் தெரியும். அந்த எண் இல்லாவிட்டால் மற்ற எண்களால் பயனில்லை.

நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்து படிக்கிறவர்கள் விடுமுறையில் ஊர் ஓடையை அளந்தால், பாடநூலின் பின்பக்கத்து அட்டவணையை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அது கடல் மட்டத்துக்கானது. 15 டிகிரியில் 7.7 வந்தால் அட்டவணைப்படி 76 சதவீதம்தான் என்று தோன்றும். ஓடை கெட்டுவிட்டது என்று அறிக்கை எழுதிவிடுவீர்கள். அட்டவணை எண்ணை அந்த உயரத்தின் அழுத்த விகிதத்தால் பெருக்கித் திருத்திக்கொண்டால் அது நூறு சதவீதம். அழுத்தமானி இல்லையென்றால் பரவாயில்லை, ஊரின் உயரம் தெரிந்தால் போதும்.